தம் வந்துச்சா, கன்னிம்மா?

போன வெள்ளிக்கெழம சின்ன மொதலாளி என் வூட்டு வாசல்ல வந்து நின்னாரு. அவங்க ஓட்டல்ல மசாலா அரைச்சி அரைச்சி கை காப்பு காய்ச்சவ நான். இப்ப முட்டி ஒத்துக்கல. வேலைய வுட்டுட்டு அண்ணன் வூட்டோட கெடக்குறேன்.

"கன்னிம்மாக்கா, இவனும் போய்ட்டான்"ன்னாரு.

யாருன்னு நான் கேக்கல. அந்த ஓட்டல்ல 'போய்ட்டான்'னா அது பாவர்ச்சிதான். சமையக்காரர எங்க ஊர்ல பாவர்ச்சிம்போம். வேற எவன் போனாலும் பேரச் சொல்லித்தான் சொல்வாங்க. பாவர்ச்சிக்கு அந்தச் செலவு கூட கெடையாது.

"சம்பளம் ஏத்திக் குடுத்தேன். பண்டிகைக்குத் துணி எடுத்துக் குடுத்தேன். இன்னா கொறைன்னு கேட்டா தலைய ஆட்டுறான். காலையில வந்து பாத்தா அடுப்பு சில்லுன்னு கெடக்குது. ஒரே பேஜாரு." அப்படியே உக்காந்துட்டாரு. "எங்கப்பா காலத்துல சத்தார் பாய்னு ஒருத்தர் வருசக்கணக்கா இருந்தாராமே. அப்பா சாவுற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. 'ஆள வச்சிக்கத் தெரியணும்டா, நான் சத்தார வச்சிக்கல?'ன்னு. அப்படி இன்னாக்கா குடுத்தாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. "மொதல்ல மோர் குடிங்க"ன்னேன். குடிச்சாரு, போனாரு. அவருகிட்ட சொல்ற பதிலா அது? ஆனா எங்க அண்ணன் மவ சரோஜா கேட்டுக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா அவ. "எங்கிட்ட சொல்லு அத்த, எழுதுறேன்"னு பேனாவும் கையுமா உக்காந்துட்டா. எனக்கு எழுத்து தெரியாது. சொல்றேன், அவ எழுதிக்கட்டும்.

என் புருசன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவரு. போனவரு போனவருதான். செத்துட்டாருன்னு சேதி வந்துருந்தா தாலிய எறக்கி வச்சிருப்பேன். உயிரோட இருக்காருன்னு வந்துருந்தா பூ வச்சிருப்பேன். ரெண்டும் வரல. பசி மட்டும் தவறாம வந்துச்சி. ஆம்பூர் ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல இருந்த சாயபு ஓட்டல்ல மசாலா அரைக்க ஆள் வேணும்னாங்க. போய் உக்காந்தேன். பின்கட்டுல அடுப்பு, அதுக்கு எதுர்ல என் அம்மி. ஊறவச்ச காஞ்ச மொளகா, இஞ்சி, பூண்டு. மொத மாசம் கை எரிச்சல்ல அழுதேன். அப்புறம் கை மரத்துப் போச்சி, அழுகையும் நின்னு போச்சி. நான் வேலை கத்துக்கிட்டது அவ்ளோதான்.

பெரிய மொதலாளி கெட்டவரு இல்ல. ஆனா பாவர்ச்சிங்க நிக்க மாட்டாங்க. கலவை ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, ரொம்பத் தங்கமான மனுசன். கல்யாண மாசம் பொறந்துச்சி, 'தங்கச்சி வூட்டுல விசேசம்'னு போனாரு. அந்தத் தங்கச்சிக்கு இன்னும் விசேசம் முடியல போல. கல்யாணத்துக்கு ஆக்குற பாவர்ச்சிக்கு இருக்குற மவுசு ஓட்டல்ல ஏது? அங்க அவரு தம்ம ஒடைச்சி மூடியத் தூக்குனா ஜனமெல்லாம் சுத்தி நிக்கும். மாப்ள வூட்டுப் பெரியவரு கையப் புடிச்சிக் குலுக்குவாரு. இங்க தூக்குனா நானும் ரெண்டு காக்காவும்.

இன்னொருத்தர் வாணியம்பாடிக்காரரு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை அதவிட ஜாஸ்தி. அவரு போனதுக்குக் காரணம் இந்த ஊருதான். அப்ப ஜெர்மன் சண்ட நடந்துக்கிட்டு இருந்துச்சி. சிப்பாய்ங்க பூட்சுக்குத் தோல் வேணும்னு தோல் மண்டிங்கள்லாம் ராவும் பகலும் வேலை. தோல் ஊறுற சுண்ணாம்புக் குழி நாத்தத்துல எறங்கி நின்னுட்டு சாப்புட வர்ற ஆளுக்கு மூக்குல இன்னா தெரியும்? பட்டையும் கிராம்பும் அவங்களுக்கு ஒண்ணுதான், தெரு மண்ணும் ஒண்ணுதான். நாக்குல சுருக்குனு இருக்கணும். "பாய், காரம் கம்மி, உப்பு கம்மி"ன்னு தெனம் பாட்டு. பாவமா இருக்கும், ஒழைச்சிட்டு வர்ற ஜனம். மொதலாளி "கேக்குறத போடுய்யா"ம்பாரு. ஒரு நாளு அந்த வாணியம்பாடிக்காரரு கரண்டிய மூடி மேல வச்சிட்டு கைய நல்லா கழுவுனாரு.

"இன்னும் கொஞ்ச நாளு இங்க இருந்தேன்னா என் கை கெட்டுடும். அப்புறம் வேற எந்த ஊர்லயும் என்ன சேக்க மாட்டான்"ன்னாரு. கைய ஒதறிக்கிட்டே ஸ்டேசனுக்கு நடந்துட்டாரு.

நல்ல பாவர்ச்சிக்கு அந்த பயந்தான். ஊரு நாக்கு எப்படியோ அப்படி கை பழகிடும். பழகுன கை திரும்பாது. சின்ன மொதலாளி சம்பளத்த ஏத்திக்கிட்டே போறாரு. அவங்க காப்பாத்திக்கிட்டு ஓடுறது கைய. அது அவருக்குப் புரியல.

அப்புறந்தான் சத்தார் பாய் வந்தாரு.

ஒல்லியா ஒசரமா, தாடியில நரை எட்டிப் பாக்குற வயசு. பொண்டாட்டி செத்துட்டாங்க, புள்ள இல்ல. வந்த அன்னிக்கி அரைச்ச மசாலாவ வழிச்சி எடுத்துக்கிட்டுப் போயி நீட்டுனேன். அது வரைக்கும் எல்லாப் பாவர்ச்சியும் 'அங்க வையி'ன்னு காலால எடத்தக் காட்டுவாங்க. இவரு எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் வாங்குனாரு. "ஷுக்ரியா அம்மா"ன்னாரு. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. காசிம்கிட்ட போயி, அவருதான் எல பரிமாறுறவரு, "என்ன திட்டுறாரா?"ன்னு கேட்டேன். காசிம் வயித்தப் புடிச்சிக்கிட்டு, "நன்றி சொல்றாருக்கா"ன்னு சிரிச்சாரு.

அவரு பிரியாணி ஆக்குறத பாத்துக்கிட்டே இருக்கலாம். சீரகச் சம்பா அரிசிய களைஞ்சி ஊறவப்பாரு. களையும்போது அரிசி ஒடையக் கூடாது, கொழந்த தலைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி இருக்கும் அவரு கை. கறி வேற அடுப்புல என் மொளகா வுழுதோட வெந்துக்கிட்டு இருக்கும். அரிசி முக்காப் பதம் வெந்ததும் வடிச்சி, தேக்சாவுல கறி மேல பரப்புவாரு. தேக்சான்னா எங்க ஊரு பெரிய செம்பு அண்டா. மூடி போட்டு, வுளும்பு பூரா கோதும மாவு பூசி அடைச்சி, கீழ நெருப்ப இழுத்துட்டு மூடி மேல தணல வாரிக் கொட்டுவாரு. அதுக்கப்புறம் தொடக் கூடாது, தொறக்கக் கூடாது. அதுதான் தம். உள்ள இன்னா நடக்குதுன்னு எட்டிப் பாக்க முடியாது. மாவு வெடிப்புல கசியுற ஆவி வாசனையிலதான் தெரியும். மொதல்ல பச்ச வாசனை வரும், அப்புறம் கறி வாசனை, கடைசியில எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒண்ணு வரும். அது வந்தா எறக்கிடணும். முந்துனா வெந்திருக்காது, பிந்துனா அடி புடிக்கும்.

அவரு வந்து கொஞ்ச நாளுதான் இருக்கும். வெளக்கு தொடைக்கும்போது கிராஸ்னாயில் என் இஞ்சி பூண்டு வுழுதுல கொட்டிப்போச்சி. நான் பாக்கல. வெளக்கு வாடன்னு நெனச்சி வழிச்சி அப்படியே குடுத்துட்டேன். அவரு வழக்கம் போல மூக்குக் கிட்ட கொண்டு போயி, கண்ண மூடி, "நல்லா இருக்குது"ன்னாரு. எங்கிட்ட வரைக்கும் வாட அடிக்குது, கொமட்டுது! அவரு அத தேக்சாவுல போடப் போறாரு. ஓடிப்போயி கைய தட்டி வுட்டேன். கிண்ணம் உருண்டு போச்சி.

"இன்னா பாய் நீங்க? கிராஸ்னாயிலு!"

அவரு கிண்ணத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. மொகம் சுண்டிப் போச்சி.

"எனக்குத் தெரியாதும்மா"ன்னாரு. "ஒரு காய்ச்சல் வந்துச்சி. போச்சி. போகும்போது மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போச்சி. நாக்குல உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். மத்ததெல்லாம் மண்ணு."

"அப்ப இத்தினி நாளா?"

"கை ஞாபகத்துல ஓட்டுறேன். மூக்கு இல்லாத ஊர்ல மூக்கு இல்லாதவன் பொழைச்சிக்கலாம்னுதான் இங்க வந்தேன்." சிரிக்கப் பாத்தாரு, சிரிப்பு வரல. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. மூக்கு செத்த பாவர்ச்சின்னு தெரிஞ்சா ஒரு அடுப்புலயும் நிக்க வுட மாட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"நான் ஏன் சொல்றேன்? இந்தப் பூண்ட மறுபடி உரிக்கணும், தள்ளுங்க"ன்னேன்.

அன்னிக்கி தம் போட்டுட்டு என் அம்மி பக்கம் திரும்பி மெதுவா கேட்டாரு. "வந்துச்சா, கன்னிம்மா?" என் பேரு அவருக்குத் தெரியும்னே எனக்கு அப்பத்தான் தெரியும். நான் மூக்க நீட்டி, "இன்னும் வரல பாய்"ன்னேன். கொஞ்சம் பொறுத்து, "வந்துச்சா?" "ம்... வந்துச்சி." எறக்குனாரு. பூவாட்டம் இருந்துச்சி சோறு.

அதுக்கப்புறம் தெனமும் அதுதான். வருசம் போயி வருசம். "வந்துச்சா?" "வந்துச்சி." எங்களுக்குள்ள பேச்சு அவ்ளோதான், பாத்துக்க. அதுக்கே காசிம் சும்மா இருக்க மாட்டாரு. "இன்னாக்கா, பாவர்ச்சி நீயா அவரா?"ம்பாரு. "எலையப் போடுய்யா, கிராக்கி காத்துக் கெடக்குது"ம்பேன். ரம்ஜான் மாசத்துல நோன்போட வெறும் வயித்துல அடுப்புல நிப்பாரு. உப்பு கூட நான்தான் பாத்துச் சொல்வேன். அந்த மாசம் முழுக்க என் மூக்கும் என் நாக்குந்தான் அவருக்கு. அந்த மாசம் சீக்கிரம் முடிஞ்சிடுதேன்னு நெனைப்பேன். ஏன் சரோஜா நிறுத்திட்ட? எழுதுடி. வயசாயிட்டா சொல்லக் கூடாதா இன்னா? எனக்கு அவர புடிச்சிருந்துச்சி. காலையில அம்மியக் கழுவும்போதே எப்ப கேப்பாரு, எப்ப கேப்பாருன்னு இருக்கும்.

பெரிய மொதலாளி ஊரெல்லாம் மார் தட்டுவாரு. "என் பாவர்ச்சி எங்கயும் போக மாட்டான். நம்ம கை ராசி அப்படி"ன்னு. நான் மொளகாய நசுக்கிக்கிட்டே கேட்டுப்பேன்.

வாணியம்பாடியில ஒரு தோல் மண்டிக்காரரு. ரயிலுக்குக் காத்திருந்த நேரத்துல எங்க ஓட்டல்ல சாப்புட்டாரு. பின்கட்டுக்கே வந்துட்டாரு. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் ஆக்கணும்"ன்னாரு. பாவர்ச்சிங்கள்லாம் எதுக்காக எங்க ஓட்டல வுட்டு ஓடுனாங்களோ, அது தானா நடந்து வந்து நிக்குது. சத்தார் பாய் தரையப் பாத்துக்கிட்டு, "மன்னிக்கணும், தோதுப்படாது"ன்னுட்டாரு. மொதலாளிக்குப் பெரும தாங்கல.

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சி. "ஏன் பாய் வேணான்னீங்க?"

"அங்க நீ இருப்பியா?"

அம்மிக் கொழவி கையிலேயே நின்னு போச்சி. அவரு என் மூக்கத்தான் சொன்னாரு, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்த வார்த்ததானே.

"இருப்பேன்"ன்னேன். "கல்யாண வூட்டுல வெங்காயம் உரிக்க பொம்பளைங்கள கூப்புடுவாங்க இல்ல? கூட்டத்தோட வந்து உக்காந்துக்குறேன். நீங்க வந்து கேளுங்க, நான் சொல்றேன்."

அவரு மொகத்துல அப்படி ஒரு வெளிச்சத்த நான் அது வரைக்கும் பாத்ததில்ல. மறுநாளே சரின்னு ஆள் அனுப்பிட்டாரு.

எங்க ரெண்டு பேரு அறிவையும் எங்க கொண்டு போயி வைக்கிறது, சொல்லு! ஓட்டல்ல வெங்காயம் உரிக்கிறது வேற ஆளு. நான் அரைக்கிறதோட சரி. அதனால ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. கல்யாண வூட்டுல வெங்காயம்னா மலையாட்டம் கொட்டி வச்சிருக்காங்க. விடியக் காலையிலேர்ந்து உரிச்சி, அரிஞ்சி, கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. பக்கத்துல இருந்தவ "யாருடி செத்தது?"ன்னு கேலி பண்ணா. தேக்சாங்கள வரிசையா வச்சி, மாவு பூசி, தணல் கொட்டியாச்சி. பொண்ணோட அப்பா, மாமன்மாருங்க, வெள்ளக் குல்லா போட்ட பெரியவங்க எல்லாம் சுத்தி வந்து நின்னுட்டாங்க. சத்தார் பாய் தண்ணி குடிக்கிற சாக்குல எங்க பக்கம் வந்தாரு.

"வந்துச்சா, கன்னிம்மா?"

எழுந்து தேக்சா ஓரமாப் போயி நின்னேன். மூச்ச இழுக்குறேன், இழுக்குறேன். வெங்காயம். மறுபடி இழுத்தேன். வெங்காயந்தான்! இவர நானே கூட்டியாந்து நட்ட நடுவுல நிக்க வச்சிட்டேனே, இது கெட்டா இவரு பொழப்பே போச்சேன்னு அழுக வந்துச்சி. வெங்காய அழுக நல்லதாப் போச்சி, யாருக்கும் வித்தியாசம் தெரியல.

"பாய், மூக்கு அடைச்சிப் போச்சி. ஒண்ணுமே தெரியல"ன்னேன்.

திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. நேரா மொத தேக்சா கிட்ட போயி குந்துனாரு. தாடி பொசுங்கிடுமோன்னு நான் பயப்படுற அளவுக்குக் காத மூடி பக்கம் சாச்சாரு. கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. எழுந்தாரு.

"வந்துடுச்சி"ன்னாரு.

அந்த வார்த்தைய அவரு வாயால நான் கேட்டது அன்னிக்கித்தான் மொத தடவ.

மாவ ஒடைச்சி மூடியத் தூக்குனாரு. சுத்தி நின்னவங்க பேச்சு அப்படியே அடங்கிப் போச்சி. ஒரு பெரியவரு கண்ண மூடிக்கிட்டு "சுபானல்லா"ன்னாரு. தெருக்கோடி வரைக்கும் மணந்துச்சாம். அத்தினி ஜனமும் மூக்கத் தூக்குச்சி. நாங்க ரெண்டு பேருந்தான் அந்த வாசனைய அறியல.

திரும்பி ரயிலுக்கு நிக்கும்போது கேட்டேன், "எப்படி பாய் கண்டுபுடிச்சீங்க?"

"நீ 'வந்துச்சி'ன்னு சொல்ற நேரத்துல எல்லாம் உள்ள ஒரு சத்தம் இருக்கும். சளசளன்னு இருக்குறது அடங்கிப் போயி, நெய்யில ஏதோ பொரியுற மாதிரி பொடிப் பொடியாக் கேக்கும். தெனம் உன் பதிலுக்குக் காத்து நின்னேன் இல்ல, காது தானா கத்துக்கிச்சி போல. எனக்கே இன்னிக்கித்தான் தெரிஞ்சிச்சி"ன்னாரு. கொழந்தையாட்டம் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சி. ரயில் ஏறி உக்காந்தப்புறந்தான் தோணுச்சி. இனிமே இவருக்கு என் மூக்கு எதுக்கு?

அப்புறம் இங்க கல்யாணம், அங்க தர்கா கந்தூரின்னு அழைச்சிக்கிட்டே இருந்தாங்க. தனியாப் போனாரு, நல்லா பண்ணிட்டு வந்தாரு. மூக்கப் பத்தி ஒருத்தருக்கும் தெரியல. ஆனா ஓட்டல்ல மட்டும் தம் போட்டுட்டு பழையபடி என் பக்கம் திரும்பி, "வந்துச்சா?"ம்பாரு. காது இருக்கும்போது மூக்கு எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. "வந்துச்சி"ம்பேன்.

ஆனா நடக்க வேண்டியது நடந்துச்சி. அந்த வாணியம்பாடி தோல் மண்டிக்காரருக்கு பட்டணத்துல, பெரியமேட்டுல, தோல் கிடங்கு இருந்துச்சி. வெள்ளக்கார வியாபாரிங்கள்லாம் வந்து விருந்து சாப்புடுற எடம். அங்கயே வந்து இருந்துடுங்கன்னு கூப்புட்டாரு. அங்க அடுப்புக்கு பாவர்ச்சி வச்சதுதான் சட்டம். காரம் கம்மின்னு சொல்ல ஆள் கெடையாது. எந்தப் பாவர்ச்சிதான் போக மாட்டான்? போகலன்னா நானே அடிச்சித் தொரத்தியிருப்பேன்.

பின்கட்டுல யாரும் இல்லாத நேரம் பாத்து, "நீயும் வர்றியா?"ன்னு கேட்டாரு.

"வந்து? இன்னான்னு சொல்லிக்கிறது பாய்?"

புருசன் உயிரோட இருக்காரா இல்லையான்னே தெரியாத பொம்பள நான், அவரு சாயபு. மசாலா அரைக்கிறவன்னு சொல்லிக்கலாம். பெரியமேட்டுல அம்மிக்கா பஞ்சம்? அவரு தலைய ஆட்டிட்டு அரிசி களையப் போய்ட்டாரு. அன்னிக்கி அரிசி ஒடைஞ்சிச்சி.

கடைசி நாளும் வந்துச்சி. பொழுது சாய ரயிலு. மதியானத்துக்கு வழக்கம் போல ஆக்குனாரு. தம் போட்டாரு. நான் அரைச்சி முடிச்சி, சும்மா அம்மியக் கழுவிக்கிட்டே இருக்குறேன். பச்ச வாசனை வந்துச்சி. கறி வாசனை வந்துச்சி. அப்புறம் அது வந்துச்சி, எல்லாம் சேந்து, என்னிக்கும் விட தூக்கலா.

"வந்துச்சா, கன்னிம்மா?"

"இன்னும் வரல பாய்."

அவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. காதச் சாய்க்கல. தேக்சாவப் பாக்கல. என் பக்கம் பாத்துக்கிட்டே நின்னாரு. முன்கட்டுலேர்ந்து மொதலாளி கத்துறாரு, "இன்னாய்யா அங்க, கிராக்கி ஒக்காந்து கெடக்குது!"ன்னு. உள்ள பொரியுற சத்தம் அம்மிகிட்ட இருக்குற எனக்கே கேக்குது.

"வந்துச்சா?"

"கொஞ்சம் இருங்க."

இருந்தாரு. பொரியுறது நின்னு சடசடன்னு கேட்டுச்சி. தீஞ்ச வாட கெளம்பிடுச்சி. காசிம் எலையும் கையுமா எட்டிப் பாத்துட்டு, எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, திரும்பிப் போய்ட்டாரு. அதுக்கு மேல என்னால முடியல.

"வந்துச்சி பாய்"ன்னேன்.

மூடியத் தூக்குனாரு. மேல் சோறு தப்பிச்சிச்சி. அடி கருகிப் போயிருந்துச்சி. மொதலாளி ஓடியாந்தாரு. "இன்னா சத்தார், இத்தினி வருசத்துல இல்லாம இன்னிக்கி?"ன்னு தலையில கைய வச்சிக்கிட்டாரு.

"மன்னிக்கணும் மொதலாளி"ன்னாரு சத்தார் பாய். "இன்னிக்கி காது கேக்கல."

மொதலாளிக்கு ஒண்ணும் புரியல. காதுக்கும் கருகுனதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்னு பொலம்பிக்கிட்டே முன்கட்டுக்குப் போய்ட்டாரு. நான் அம்மிக்கு மேல குனிஞ்சிக்கிட்டேன்.

அப்புறம் எத்தினியோ பாவர்ச்சிங்க வந்தாங்க, போனாங்க. ஒருத்தரும் என்ன ஒண்ணும் கேட்டதில்ல. இருந்தாலும் தெனம் அந்த வாசனை வரும்போது நானா வாய்க்குள்ள "வந்துச்சி"ன்னு சொல்லிப்பேன்.

சின்ன மொதலாளி மறுபடி வருவாரு. பாவர்ச்சிய எப்படிக்கா நிறுத்தி வைக்கிறதுன்னு கேப்பாரு. இன்னான்னு சொல்ல? போறவர என்னால நிறுத்தி வைக்க முடிஞ்சது ஒரு அடிச்சோறு தீயுற நேரம்.